போருக்குப் போய் வராதவர்கள்

தஞ்சையிலிருந்து புதுக்கோட்டைக்குச் செல்லும் சாலையிலே கந்தர்வக்கோட்டை இருக்கிறது. ஒரு காலத்தில் ஜமீனாக விளங்கிய ஊர். 1974 ஜனவரியில் புதுக்கோட்டை தனி மாவட்டமாக அமைந்தபோது அதனுள் வந்து சேர்ந்தது. அதற்கு முன்னெல்லாம் தஞ்சை மாவட்டத்தின் விளிம்பாகவே கருதப்பட்டது. தஞ்சை என்றவுடன் நம் கண்முன் காவிரியும் கழனியும் தோன்றும். ஆனால் இது அந்தத் தஞ்சையன்று. செம்மண் மேடு, ஏரி குளங்களை நம்பிய வெள்ளாமை, மழை பொய்த்தால் வயிறும் பொய்த்துப்போகும் பூமி.

இத்தகைய ஊர்களுக்கு வரலாறு எழுத எவரும் முன்வருவதில்லை. இங்கே பெரும்போர் எதுவும் நிகழவில்லை. பேரரசர் எவரும் முடிசூடிக்கொள்ளவில்லை. ஆயினும் இந்த மேட்டு நிலத்துக் கிராமங்கள், தாம் கண்டிராத நாடுகளிலே நடந்த ஒரு பெரும்போருக்குத் தம் பிள்ளைகளைக் கொடுத்திருக்கின்றன. கொடுத்த கணக்கு எந்த ஏட்டிலும் முழுமையாக எழுதப்படவில்லை. அக்கணக்கைப் பற்றியே ஈண்டு நாம் சில சொல்லக் கருதுகிறோம்.

ஒரு மூதாட்டியின் கேள்வி

நாம் மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த நாளில், பராஅத் இரவுதோறும் ஒரு மூதாட்டி எங்கள் உஸ்தாதிடம் ஆளனுப்புவார். அவருடைய கணவர் யுத்தத்திற்கு முன்பே மலாயா சென்றவர். 1941-இன் இறுதியில் வந்த மணியார்டரே அவரிடமிருந்து வந்த கடைசிச் செய்தி. அதன்பின் கடிதமில்லை, ஆளுமில்லை, இறந்தார் என்ற சேதியும் இல்லை. பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார் என்று ஒருவர் சொன்னாராம். சயாம் காட்டுக்குப் பிடித்துப் போனார்கள் என்று இன்னொருவர் சொன்னாராம். மூதாட்டியின் கழுத்திலிருந்து கருகமணி இறங்கவேயில்லை. அவர் ஆண்டுதோறும் கேட்டனுப்பிய கேள்வி ஒன்றுதான்: "யாசீன் ஓதுகிறீர்களே, அதை உயிரோடிருப்பவருக்காக ஓதுவதா, மறைந்தவருக்காக ஓதுவதா?"

சிறுவர்களாகிய நாங்கள் அக்கேள்வியின் கனத்தை அன்று அறிந்தோமில்லை. பின்னாளில் ஃபிக்ஹு நூல்களிலே 'மஃப்கூத்' எனப்படும் காணாமற்போனவரைப் பற்றிய பாடத்தை ஓதியபோதுதான் அது எத்தனை வீடுகளின் கேள்வி என்பது புலனாயிற்று.

கடல் கடந்த காரணம்

தஞ்சை, திருச்சி மாவட்டங்களின் வறண்ட பகுதிகளிலிருந்து மலாயாவுக்கு ஆள் சென்ற வரலாறு நெடியது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்குவார்கள். 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பலின் பெயர் நம் பாட்டன்மார் நாவிலே ஊர்ப்பெயரைப் போல வழங்கியது. கங்காணிமார் திரட்டிச் சென்ற ஏழை மக்கள் இரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டினர். நம் சமுதாயத்தார் பெரும்பாலும் கடை கண்ணிகளிலும், துறைமுகங்களிலும், சாப்பாட்டுக் கடைகளிலும், நாணய மாற்றுத் தொழிலிலும் இருந்தனர். 1938-இல் இந்திய அரசு தோட்டத் தொழிலாளரை உதவித்தொகையோடு அனுப்புவதைத் தடை செய்தது. ஆயினும் அதற்குள் ஊருக்கு ஊர் மலாயாக்காரர் வீடுகள் உண்டாகிவிட்டன. பர்மாவிலோ 1931-ஆம் ஆண்டுக் கணக்கின்படியே இந்தியர் பத்து இலட்சத்தைத் தாண்டியிருந்தனர்.

1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியர் மலாயாவின் கோத்தபாருவில் இறங்கினர். சில நாட்களில் பினாங்கின் மீது குண்டுகள் விழுந்தன. அத்தீவிலிருந்த ஐரோப்பியர்களை இரவோடிரவாகக் கப்பலேற்றிய ஆங்கில அரசு, ஆசிய மக்களை விதியின் கையில் விட்டுச் சென்றது. டிசம்பர் 23-இல் இரங்கூன் குண்டு வீச்சுக்கு இலக்காயிற்று. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சு 8-இல் இரங்கூனும் வீழ்ந்தது. பர்மாவிலிருந்து நான்கைந்து இலட்சம் இந்தியர் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் மலைகளின் வழியாகவும் நடந்தே தாயகம் திரும்ப முற்பட்டனர். பசியாலும் பேதியாலும் காய்ச்சலாலும் வழியிலே மடிந்தோர் பல்லாயிரவர்.

அன்றோடு கடிதப் போக்குவரத்து நின்றது. மணியார்டரை நம்பிய குடும்பங்களின் அடுப்பும் நின்றது. மூன்றரை ஆண்டுகள் கடலுக்கு அப்பால் என்ன நடக்கிறது என்பதே இங்குள்ளோர்க்குத் தெரியாது. அந்த மூன்றரை ஆண்டுகளுக்குள்தான் நாம் சொல்லவந்த வரலாறு அடங்கியிருக்கிறது.

காட்டுப் பாதையும் படை முகாமும்

சிக்கிக்கொண்ட நம் மக்களுக்கு முன்னே இரண்டு வழிகள் திறந்தன. ஒன்று சாவின் வழி. சயாமின் பான்பொங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட்டு வரை 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜப்பானியர் ஓர் இரயில் பாதை அமைத்தனர். 1942 ஜூனில் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. இதில் வெள்ளைக் கைதிகள் பட்ட துன்பத்தை உலகமறியும், திரைப்படங்களும் வந்தன. அவர்களைவிடப் பன்மடங்கு தொகையினரான ஆசியத் தொழிலாளர் அங்கே வாட்டி வதைக்கப்பட்டதை உலகம் அத்துணை அறியாது. மலாயாவிலிருந்து மட்டும் ஏறத்தாழ 75,000 பேர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் தமிழர். காலராவும் மலேரியாவும் பட்டினியும் அவர்களைக் கூட்டங் கூட்டமாக வாரிக்கொண்டன. கைதிகளுக்குப் பதிவேடு இருந்தது. தோட்டத் தமிழனுக்குக் கல்லறையும் இல்லை. கபன் துணியும் இல்லை. பெயர்ப் பட்டியலும் இல்லை.

மற்றொன்று படையின் வழி. சரணடைந்த இந்தியச் சிப்பாய்களைக் கொண்டு 1942-இல் உருவாகித் தளர்ந்துபோன இந்திய தேசிய இராணுவம், 1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தபின் புத்துயிர் பெற்றது. அக்டோபர் 21-இல் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு பிரகடனம் செய்யப்பட்டது. அதற்குப்பின் படையில் சேர்ந்த குடிமக்களில் பெரும்பகுதியினர் மலாயாத் தமிழர். துப்பாக்கியைத் தொட்டறியாதவர்கள், பால் வெட்டும் கத்தியும் கடைத் தராசும் பிடித்த கைகள். அவர்களுடைய பெண்மக்கள் சிலரும், சென்னையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமியின் தலைமையில் அமைந்த ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தனர்.

எல்லோரும் இலட்சிய வேட்கையால்தான் சேர்ந்தனர் என்று எழுதினால் அது புகழ்ச்சியாகுமேயன்றி வரலாறாகாது. இரயில் பாதைக்குத் தப்பலாம் என்று சேர்ந்தவர் உண்டு. ஒருவேளைச் சோற்றுக்காகச் சேர்ந்தவர் உண்டு. ஜப்பானியர் சீன மக்களுக்கு இழைத்த கொடுமைகளைக் கண்ணாரக் கண்டு, இவர்களோடு கூடி விடுதலை பெறுவதா என்று உள்ளம் குமைந்தவரும் உண்டு. ஆயினும் தோட்டத் துரையின் முன்னே தலை நிமிர்ந்து நடக்கவும் அஞ்சிய ஒரு மனிதன், சீருடை அணிந்து தன் நாட்டின் பெயரைச் சொல்லி அணிவகுத்தபோது அவன் உள்ளத்தில் ஏதோ ஒன்று நிரந்தரமாக மாறிற்று. பசிக்காகச் சேர்ந்தவனும் படைவீரனாகவே மாண்டான். அதனை மறுக்க நமக்கு உரிமையில்லை.

நம்மவர் பங்கு

அப்படையின் குறிக்கோள் மூன்று சொற்கள்: இத்திஃபாக், இஃதிமாத், குர்பானி. ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம். மூன்றும் அரபு மூலத்தினின்று வந்தவை. ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானி கொடுக்கும் நமக்கு அந்த மூன்றாம் சொல்லின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

அந்த இயக்கத்தில் முஸ்லிம்களின் பங்கு சிறிதன்று. 1943-இல் ஜெர்மனியிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் நேதாஜியோடு வந்த ஒரே இந்தியத் துணைவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த ஆபித் ஹஸன். 'ஜெய் ஹிந்த்' என்னும் முழக்கத்தை அளித்தவர் அவரே என்பர். இரங்கூன் வணிகர் அப்துல் ஹபீப் யூசுப் மர்ஃபானி தம் செல்வம் முழுவதையும், ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய் மதிப்புள்ளதை, இயக்கத்துக்கு ஈந்தார். தற்காலிக அரசின் ஆலோசகர்களுள் ஒருவராக நம் தமிழ் முஸ்லிம் தலைவர் கரீம் கனி விளங்கினார். 1944 ஏப்ரல் 14-ஆம் நாள் மணிப்பூரின் மொய்ராங்கிலே இந்திய மண்ணில் மூவண்ணக் கொடியை ஏற்றியவர் கர்னல் ஷவுகத் மாலிக்.

இவர்கள் பெயர் பெற்றவர்கள். ஒரு சிற்றூர் தன் மகனைக் கொடுத்த கதையைக் கேட்க விரும்புவோர் திருவிதாங்கூரின் வக்கம் கிராமத்துக்குச் செல்லவேண்டும். 1917-இல் அங்கே பிறந்த அப்துல் காதர், பிழைப்புக்காக மலாயா சென்ற ஆயிரமாயிரம் இளைஞருள் ஒருவர். பினாங்கில் என். ராகவன் மேற்பார்வையில் நடந்த சுயராஜ்யப் பயிற்சிக்கூடத்தில் இரகசியப் பயிற்சி பெற்றார். 1942 செப்டம்பரில் நீர்மூழ்கிக் கப்பல் அவரையும் தோழர்களையும் மலபார்க் கரையிலே தானூருக்கு அருகில் இறக்கிவிட்டது. கரையேறியதும் பிடிபட்டார். சென்னையில் சிறப்பு நீதிமன்றம் விசாரித்தது. 1943 செப்டம்பர் 10-ஆம் நாள் சென்னைச் சிறையில் நால்வர் தூக்கிலிடப்பட்டனர்: வக்கம் அப்துல் காதர், அனந்தன், ஃபௌஜா சிங், சத்யேந்திர சந்திர பர்தன். முஸ்லிம், இந்து, சீக்கியர். மலையாளி, பஞ்சாபி, வங்காளி. காதருக்கு அப்போது வயது 26.

அத்தூக்குமரம் நம் தமிழகத்தின் தலைநகரிலேதான் நின்றது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்த நான்கு பெயர்கள் தெரியும்?

இரு கரையிலும் நம் பிள்ளைகள்

1944 மார்ச்சில் தொடங்கிய இம்பால் படையெடுப்பில் இந்திய தேசிய இராணுவத்தின் முதல் டிவிஷனிலிருந்து ஏறத்தாழ 6,000 பேர் சென்றனர். விமானமில்லை, பீரங்கியில்லை, மழை தொடங்கியபின் அரிசியுமில்லை. குண்டுபட்டு மாண்டவரைவிடப் பசியாலும் நோயாலும் மாண்டவரே பன்மடங்கு. 1945 பிப்ரவரியில் ஐராவதி நதிக்கரையில், பகானுக்கும் நியவுங்கூவுக்கும் அருகில், தில்லானின் தலைமையிலிருந்த நேரு படை எதிரியைத் தடுக்க நின்றது. மலாயாவில் சேர்ந்த தமிழர்கள் பலர் இப்படையில் இருந்தனர். ஆற்றைக் கடந்து வந்த எதிரி யார்? ஆங்கிலேயரின் ஏழாவது இந்திய டிவிஷன். அங்கும் இந்தியரே.

ஆம், இதனை மறைத்தல் தகாது. அந்தப் போரில் ஆங்கிலேயரின் இந்தியப் படையில் 25 இலட்சம் பேர் சேர்ந்தனர். மதராஸ் சாப்பர்ஸ் எனப்பட்ட பொறியியல் படையில் நம் தமிழ் மாவட்டங்களின் பிள்ளைகள் பர்மாக் காடுகளிலே பாலமும் பாதையும் அமைத்தனர். ஒரே சீமையிலிருந்து ஒருவன் இந்தக் கரையிலும் மற்றொருவன் அந்தக் கரையிலும் நிற்கவேண்டிய விதி நேர்ந்தது. வறுமை ஒருவனைப் பட்டாளத்துக்கு அனுப்பியது. அதே வறுமை மற்றொருவனைத் தோட்டத்துக்கு அனுப்பியது. பின்னர் எவன் எந்தக் கொடியின் கீழ் நின்றான் என்பது பெரும்பாலும் அவனவன் ஏறிய கப்பலைப் பொறுத்ததாயிற்று. ஆதலின் ஒருவனைத் தியாகி என்று உயர்த்தி மற்றவனைக் கூலிப்படை என்று தாழ்த்த நமக்கு மனம் வரவில்லை. இருவருக்கும் ஊரிலே தாய் இருந்தாள்.

காணாமற்போனவர் சட்டம்

1945 ஆகஸ்டில் ஜப்பான் பணிந்தது. கப்பல்கள் மறுபடி ஓடின. சிலர் வந்தனர், பலர் வரவில்லை. அப்போதுதான் நம் கிராமத்து மஹல்லாக்களின் முன் மார்க்கச் சட்டப் பிரச்சினை ஒன்று வந்து நின்றது. கணவன் இறந்தான் என்ற சேதி வந்தால் மனைவி நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருப்பாள். அதன்பின் விரும்பினால் மறுமணம் செய்வாள். சேதியே வராவிட்டால்?

தமிழகத்தின் உட்பகுதிகளில் வாழும் நம்மவர் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபைச் சார்ந்தவர். அம்மத்ஹபின் பழைய தீர்ப்போ மிகக் கடினம்: காணாமற்போனவனின் வயதொத்தோர் யாவரும் மறையும்வரை அவன் உயிரோடிருப்பதாகவே கொள்ளவேண்டும், சில நூல்கள் 90 வயது என்று வரையறை செய்தன. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் மத்ஹபிலோ, ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பை அடியொற்றி, காஜியிடம் முறையிட்டபின் நான்காண்டு காத்திருந்து, பிறகு இத்தா முடித்து மணந்துகொள்ள வழியுண்டு. இந்தியப் பெண்களின் துயரத்தைக் கண்ட மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ (ரஹ்) அவர்கள், 'அல்ஹீலத்துந் நாஜிஸா' என்னும் நூலில், தேவை நேர்ந்தவிடத்து மாலிகி தீர்ப்பை மேற்கொள்ளலாம் என்று தெளிவுறுத்தினார்கள். அம்முயற்சியின் பயனாக 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் வந்தது. நான்காண்டுகள் கணவனின் இருப்பிடம் தெரியாவிட்டால் மனைவி நீதிமன்றத்தில் மணமுறிவு கோரலாம். தீர்ப்பு ஆறு மாதங்கழித்தே நடப்புக்கு வரும்; அதற்குள் கணவன் வந்துவிட்டால் அது தள்ளுபடியாகும். சட்டத்திலும் எத்துணை ஈரம் பாருங்கள்!

போருக்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன் இறைவன் இந்த வாயிலைத் திறந்துவைத்தான். எனினும் வாயில் திறந்திருப்பது வேறு. அதன் வழியே செல்வது வேறு. கிராமத்துப் பெண்ணுக்குக் கோர்ட்டு ஏது? வக்கீல் ஏது? சட்டம் அறிந்தவளும் "அவர் நாளை வந்து கதவைத் தட்டினால்?" என்று அஞ்சினாள். அதனால் பலர் கருகமணியோடு காத்திருந்தனர். சொத்திலும் இதே சிக்கல்தான்: காணாமற்போனவரின் பங்கைப் பிரிக்கவும் ஆகாது, அனுபவிக்கவும் ஆகாது. போர்க்களத்தில் மாண்டவரின் தியாகத்தை எழுதுவோர், ஊரிலே இருந்து வாழ்வைத் தேய்த்த இப்பெண்களின் தியாகத்தையும் அதே ஏட்டில் எழுதுதல் வேண்டும். அவர்களும் அந்தப் போரிலே பணி செய்தவர்களே.

பெயர் எழுதும் மரபு

வந்தவர்களுக்கும் வரவேற்பு எளிதாயில்லை. 1945 இறுதியில் செங்கோட்டை வழக்கில் ஷாநவாஸ் கான், ஸெஹ்கல், தில்லான் ஆகிய மூவருக்காக நாடே பொங்கியெழுந்தது. ஆனால் விடுதலைக்குப்பின் இந்திய தேசிய இராணுவத்தினர் மறுபடி படையிலே சேர்த்துக்கொள்ளப்படவில்லை. 1972-இல் மத்திய அரசு தியாகிகளுக்கு ஓய்வூதியத் திட்டம் கொண்டுவந்தபோது சான்று கேட்கப்பட்டது. எழுத்தறியாத தோட்டத் தொழிலாளி, எரிந்துபோன முகாமின் சான்றை எங்கே தேடுவான்?

இரங்கூனுக்கு அருகே தவுக்கியானில் உள்ள நினைவுச் சின்னத்தில், ஆங்கிலேயர் தரப்பில் பர்மாவில் மாண்டு கல்லறை அறியப்படாத வீரர் ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இம்பாலின் இந்தியப் படைக் கல்லறையில் முஸ்லிம் வீரர் அடங்கியிருக்கின்றனர். இந்து, சீக்கிய வீரரின் பெயர்கள் தகனச் சின்னத்தில் உள்ளன. எதிர்க்கரையில் நின்றவர்க்கோ அந்தப் பேறு இல்லை. 1945 ஜூலை 8-இல் சிங்கப்பூர்க் கடற்கரையில் நேதாஜி அடிக்கல் நாட்டிய நினைவுச் சின்னத்தை, திரும்பி வந்த ஆங்கிலப் படை சில வாரங்களிலேயே தகர்த்தது. 50 ஆண்டுகள் கழித்து, 1995-இல், அவ்விடத்தில் ஓர் அடையாளக் கல் நாட்டப்பட்டது. கல் இருக்கிறது, பெயர்கள் இல்லை. சயாம் பாதையில் மடிந்த நம் தொழிலாளர்க்கும் அவ்வாறே.

பெயர் எழுதுவது நம் மரபுக்குப் புதியதன்று. பத்ருப் போரில் கலந்துகொண்டவர்களை இப்னு ஹிஷாம் கோத்திரம் கோத்திரமாக, தந்தை பெயரோடு எழுதிவைத்தார். அதில் உயிர்நீத்த பதினால்வரும் இன்றுவரை பெயரோடு வாழ்கின்றனர். அவர்களுள் தலைவர்கள் மட்டுமா இருந்தனர்? அடிமையாயிருந்து விடுதலை பெற்றவரும், இன்னும் மீசை அரும்பாத இளைஞரும் இருந்தனர். யாரோ ஒருவர் கேட்டார், மற்றொருவர் நினைவிலிருந்து சொன்னார், ஒருவர் எழுதினார். ஹதீஸ் அறிவிப்பாளர் ஒவ்வொருவரின் பிறப்பையும் இறப்பையும் தேடித் தேடிப் பதிந்த சமுதாயம், தன் சொந்த ஊரின் பெயர்களை இழந்து நிற்பது எவ்வளவு பெரிய அவலம்!

அன்று கப்பலேறியவர் எவரும் இன்றில்லை, காத்திருந்தவரும் மறைந்துவிட்டனர். அவர்களைக் கண்ட பிள்ளைகளும் பேரர்களும் எஞ்சியிருக்கிறோம். தகரப் பெட்டிகளின் அடியில் பழைய கடிதங்களும் மணியார்டர் துண்டுகளும் மஞ்சளாகிப்போன பாஸ்போர்ட்டுகளும் இன்னும் கிடக்கின்றன. கந்தர்வக்கோட்டைச் சீமையிலும் அதனையொத்த ஊர்களிலும் வாழும் அன்பர்களை நாம் வேண்டுவது இதுவே: உங்கள் குடும்பத்தில் அந்தப் போரின்போது கடல் கடந்திருந்தவர் எவர்? தந்தை பெயர், தெரு, சென்ற ஆண்டு, கடைசியாக வந்த சேதி, காத்திருந்தவர் எவர் என்பவற்றை ஒரு நோட்டிலே எழுதுங்கள். பள்ளிவாசல் ஜமாஅத் அதனைத் தன் தஃப்தருடன் சேர்த்து வைக்கட்டும். நம்மவர் பெயரோடு அண்டை வீட்டு இந்துவின் பெயரையும் கிறிஸ்தவரின் பெயரையும் எழுதுங்கள். சென்னைச் சிறையின் அந்த நால்வர் நமக்குக் கற்பித்த பாடம் அது.

அந்த மூதாட்டியின் கேள்விக்கு உஸ்தாத் அவர்கள் என்ன விடை சொல்லியனுப்பினார்கள் என்று கேட்பீர்கள். ஜனாஸாத் தொழுகையிலே நாம் ஓதும் துஆவை நினைவூட்டினார்கள். அதில் உயிரோடிருப்போர், மரித்தோர் ஆகிய இருசாராருக்காகவும் மன்னிப்புக் கேட்கிறோம். வந்திருப்போர், வராதிருப்போர் ஆகிய இருசாராருக்காகவும் கேட்கிறோம். "அந்த துஆவுக்குள் உங்கள் மாப்பிள்ளை எப்படியும் வந்துவிடுவார், அவர் எங்கிருக்கிறார் என்பதை அல்லாஹ் அறிவான்" என்று சொல்லியனுப்பினார்கள். மூதாட்டி அதன்பின்னும் ஆண்டுதோறும் ஆளனுப்பினார். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

வராதிருப்போரின் இருப்பிடத்தை இறைவன் அறிவான். அவர்களுடைய பெயரை நாமாவது அறிந்திருத்தல் வேண்டும்.